மடலும் மறுமொழியும்

தோற்றுவாய்

செய்தி சொல்வதும் செய்தி கேட்பதும் மாந்த வாழ்வின் நீங்கா இயல்புகள். ஓலை எழுதி ஆள்வழி அனுப்பிய காலம் முதல் கைப்பேசியில் விரலசைக்கும் இக்காலம் வரை அவ்வியல்பு பல வடிவங்களில் வளர்ந்து வந்துள்ளது. இன்று இராசபாளையத்திலிருந்து தாய் அனுப்பும் சொல் துபாயிலுள்ள மகனை நொடியில் அடைகிறது. இத்துணை வசதி வாய்த்த பின்னரும் சிலர் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டே தமக்கு வந்த செய்திகளைப் படிக்கின்றனர். இணைப்பின்றியே மறுமொழி எழுதுகின்றனர். நாளில் ஒருமுறையோ இருமுறையோ இணைத்து அனுப்பிவிட்டு மீண்டும் விலகிக்கொள்கின்றனர். வேறு சிலர் இன்றும் தாளெடுத்து எழுதி அஞ்சலில் சேர்க்கின்றனர். காலத்தோடு ஒட்டாதவர் என்று இவர்களை எள்ளுவாரும் உளர். இவர்கள் இவ்வாறு செய்வதன் காரணம் யாது? அதனால் நம் குடும்பத்திற்கும் சமுதாயத்திற்கும் விளையும் நன்மை யாது? இவ்விரண்டையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

‘ஆஃப்லைன்’ என வழங்கும் சொல்லை நாம் ‘இணைப்பற்ற நிலை’ எனலாம். நம் நாட்டில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அக்காலத்தில் தொலைபேசிக் கம்பி வழியாகவே இணையத்தை அடைய வேண்டும். இணைந்திருக்கும் நேரம் நீள நீளக் கட்டணமும் ஏறும். வீட்டிற்கு வரும் தொலைபேசி அழைப்புகளும் தடைப்படும். ஆகவே, வந்த மின்னஞ்சல்களை மொத்தமாகக் கணினியில் இறக்கிக்கொண்டு உடனே இணைப்பைத் துண்டித்துவிடுவர். பின்னர் ஆற அமரப் படித்து, மறுமொழிகளை எழுதி வைத்துக்கொண்டு, மீண்டும் இணைத்து அனைத்தையும் ஒருசேர அனுப்புவர்.

அன்று சிக்கனம் கருதிச் செய்ததை இன்று சிலர் மன அமைதி கருதிச் செய்கின்றனர். கட்டணத் தடை நீங்கியது. ஆயினும் அத்தடை தந்திருந்த ஓர் இடைவெளியும் அதனோடு நீங்கியது. செய்தி வந்த நேரத்திற்கும் மறுமொழி புறப்படும் நேரத்திற்கும் நடுவே அமைந்த இடைவெளியே அது. இணைப்பற்ற நிலையை விரும்புவோர் செய்தியை வெறுப்பவர் அல்லர்; அவ்விடைவெளியைக் காக்க முயல்பவர். இதுவே நாம் இங்கு நிறுவ விரும்பும் கருத்து.

தேக்கித் தெளியும் நீர்

இக்கருத்தை விளக்க அயலூர் செல்ல வேண்டுவதில்லை. இராசபாளையத்திற்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அய்யனார் கோவில் உள்ளது. அங்குறையும் தெய்வத்தை அப்பகுதி மக்கள் ‘நீர் காத்த அய்யனார்’ என்றே போற்றுவர். மலையில் மழை பெய்தால் அங்குள்ள ஆற்றில் வெள்ளம் பெருகும். அக்காலத்தில் மக்கள் ஆற்றைக் கடக்க வனத்துறையினர் தடை விதிப்பர். அந்த ஆற்று நீரே ஆறாவது மைல் நீர்த்தேக்கத்திற் சேர்ந்து நகர மக்களுக்குக் குடிநீராகிறது.

மலையிலிருந்து இறங்கும் வெள்ளத்தை எவரும் அப்படியே குடத்தில் மொண்டு குடிப்பதில்லை. அதில் மண்ணும் சருகும் கலந்திருக்கும். அதைத் தேக்க வேண்டும். கசடு கீழே படிய விட வேண்டும். தூய்மை செய்த பின்னரே குழாயில் விட வேண்டும். வருவது மலைநீரே, பருகுவதும் அம்மலைநீரே. எனினும் இடையில் ஒரு தேக்கம் இருத்தலால் அது உயிர் காக்கிறது. நமக்கு வரும் செய்தியும் இத்தகையதே. வந்த வேகத்திலேயே அதை வாங்கி அதே வேகத்தில் பிறர்மேல் இறைப்போமாயின் கசடும் உடன் செல்லும்.

அய்யனார் கோவிலுக்கு அணித்தே உள்ள திருவில்லிபுத்தூரில் தோன்றிய ஆண்டாள், நாச்சியார் திருமொழியில் குயிலையும் மேகத்தையும் தூதாக வைத்துப் பாடுகிறார். குயில் மறுநொடியே மறுமொழி கொணர்ந்திருந்தால் அப்பாசுரங்களின் ஏக்கத்திற்கு இடமே இராது. தமிழில் தூது என்றொரு சிற்றிலக்கிய வகை செழித்ததற்கும் காத்திருத்தல் என்னும் நிலையே அடிப்படை.

சிலம்பு காட்டும் இரு நிகழ்ச்சிகள்

1892இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்து வழங்கிய சிலப்பதிகாரம் இவ்வகையில் நமக்கு அரியதொரு சான்று தருகிறது. கானல்வரியில் கோவலனும் மாதவியும் கடற்கரையில் அருகருகே அமர்ந்துள்ளனர். அவன் யாழிசைத்துப் பாடுகிறான். அவன் வேறொருத்தியை எண்ணிப் பாடுகிறான் என அவள் கருதுகிறாள். அவளும் அவ்வாறே பாட, அவள் மனம் வேறொருவன்பால் உள்ளது என அவன் கருதுகிறான். அங்கே தொலைவு இல்லை; காலத்தாழ்வு இல்லை; கேட்டவுடன் பொருள்கொண்டு, கொண்டவுடன் எழுந்து போய்விடுகிறான். வாழ்வு முறிகிறது.

பின்னர் மாதவி, தாழை மடலில் செம்பஞ்சுக் குழம்பு தொட்டுப் பித்திகை அரும்பால் எழுதி, வசந்தமாலை வாயிலாக ஒரு திருமுகம் விடுக்கிறாள். சினம் தணியாத கோவலன் அதை வாங்க மறுக்கிறான். அவளது இரண்டாம் ஓலை, மதுரைக்குச் செல்லும் வழியில் கோசிகன் கையால் அவனை அடைகிறது. புறஞ்சேரி இறுத்த காதையில் அமைந்த இப்பகுதி மாணவர் மீண்டும் மீண்டும் படிக்கத்தக்கது. தனித்திருந்து அவ்வோலையைப் படித்த கோவலன், குற்றம் அவளுடையதன்று, தன்னுடையதே என்று தெளிகிறான். அவ்வளவோடு நில்லாமல், அவள் எழுதிய சொற்கள் தன் பெற்றோர்க்குத் தான் எழுத வேண்டியவற்றிற்கும் பொருந்துவன எனக் கண்டு, அதே ஓலையை அவர்களிடம் சேர்க்குமாறு கோசிகனிடமே கொடுத்தனுப்புகிறான்.

நேரிற் கேட்ட பாட்டு இருவரையும் பிரித்தது. தொலைவிலிருந்து வந்த ஓலை ஒருவனைத் தெளிவித்தது. கேட்கும் மனத்திற்கு அமைதி இல்லாதபோது அண்மை உதவவில்லை. அமைதி வாய்த்தபோது தொலைவு தடையாகவில்லை.

திருமறை தரும் பாடம்

திருக்குர்ஆனின் 27ஆம் அத்தியாயம் நபி சுலைமான் (அலை) அவர்கள் சபா நாட்டு அரசிக்கு விடுத்த மடலைக் கூறுகிறது. ஹுத்ஹுத் பறவை அம்மடலைக் கொண்டு செல்கிறது. மடலைச் சேர்த்துவிட்டு விலகி நின்று அவர்கள் என்ன மறுமொழி கூறுகின்றனர் எனக் கவனிக்குமாறு அதற்கு ஆணை. மறுமொழி கூறுவதற்கு எதிரில் உள்ளவருக்கு இடம் விட வேண்டும் என்னும் நாகரிகம் அவ்வாணையில் உள்ளது. மடலைப் பெற்ற அரசியோ உடனே சினக்கவில்லை; அதனைக் கண்ணியமிக்க மடல் என்று தன் அவையோரிடம் கூறி அவர்தம் கருத்தைக் கேட்கிறாள். தம் படைவலிமையை அவர்கள் நினைவூட்டிய போதும் போரின் கேட்டை எண்ணிப் பார்க்கிறாள். ஒரு நாட்டின் அழிவைத் தடுத்தது அந்த ஆலோசனைப் பொழுதே எனலாம்.

தீயவன் ஒருவன் செய்தி கொணர்ந்தால் அதனைத் தீர விசாரித்துக் கொள்ளுமாறும், அறியாமையால் ஒரு கூட்டத்தார்க்குத் தீங்கிழைத்துப் பின் வருந்த நேரிடும் என்றும் 49ஆம் அத்தியாயம் எச்சரிக்கிறது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு பணிக்கும் வசனம், திருமறையின் வசனங்களிலேயே மிக நீண்டதாகும். விசாரித்தலும் எழுதி வைத்தலும் நம் மார்க்கம் வலியுறுத்தும் ஒழுக்கங்கள் என்பது இவற்றால் விளங்கும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் ரோமப் பேரரசர், பாரசீகப் பேரரசர் முதலியோர்க்கு மடல்கள் விடுத்தார்கள். முத்திரையிடாத மடலை அரசர்கள் ஏலார் என்பதறிந்து வெள்ளி முத்திரை மோதிரம் செய்வித்தார்கள் என்பது வரலாறு. மடலுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்பதன் அடையாளமே முத்திரை.

இன்று நம் கைப்பேசியில் வந்து குவியும் செய்திகள் பலவற்றிற்கு அத்தகைய முத்திரை ஏது? 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வ வழிபாட்டிற்காகச் சென்ற ஒரு குடும்பத்தாரைக் குழந்தை கடத்துவோர் எனக் கருதிக் கூட்டத்தார் தாக்கியதில் ஒரு மூதாட்டி உயிரிழந்தார். குழந்தை கடத்துவோர் உலவுவதாகக் கைப்பேசி வழியே பரவிய பொய்ச்செய்திகளே அந்த அச்சத்தை வளர்த்தவை. நாட்டின் பிற பகுதிகளிலும் அவ்வாண்டு இத்தகைய கொலைகள் நிகழ்ந்தன. அதன்பின் 2018 சூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து பேருக்கு மேல் பகிர இயலாதவாறு வரம்பிடுவதாக வாட்ஸ்அப் நிறுவனம் அறிவித்தது. அனுப்புவோர் தாமே மேற்கொண்டிருக்க வேண்டிய தடையைப் பின்னர் ஒரு நிறுவனம் விதிக்க நேர்ந்தது.

சினமும் செய்தியும்

மற்றொன்றையும் இங்குத் தயங்காது கூற வேண்டும். ஒரே மூச்சில் முத்தலாக் கூறும் வழக்கம் செல்லாது என உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 22 அன்று தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து 2019இல் இயற்றப்பட்ட சட்டம், வாய்மொழியாயினும் எழுத்தாயினும் மின்னணு வடிவாயினும் அத்தகைய தலாக் செல்லாது என்றும், தண்டனைக்குரியது என்றும் கூறுகிறது. அச்சட்டத்தின் தண்டனைப் பிரிவு பற்றி நம் சமுதாயத்தில் கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆயினும், சினத்தில் அனுப்பிய ஒரு குறுஞ்செய்தியால் ஒரு பெண்ணின் இல்லறம் குலையலாகாது என்பதில் வேறுபாடு இருத்தலாகாது.

மார்க்கமே இவ்வகையில் இடைவெளியை நெறியாக வகுத்துள்ளது. கணவன் மனைவியரிடையே பிளவு நேருமெனின் இரு குடும்பத்தாரிடமிருந்தும் நடுவர் ஒவ்வொருவரை அமைக்குமாறு திருமறை பணிக்கிறது. மணவிலக்கிற்குப் பின்னும் ‘இத்தா’ என்னும் காத்திருப்புக் காலத்தை விதிக்கிறது. மனம் மாறவும் மீண்டும் இணையவும் அக்காலம் வாயிலாகிறது. எனவே தாளில் எழுதினால் நன்று, கைப்பேசியில் எழுதினால் தீது என்று நாம் கூறவில்லை. விரைவு அஞ்சலில் வரும் தலாக் மடலும் அவசரத்தின் விளைவாயின் அவசரமே. நாம் காக்க வேண்டியது தாளையன்று. எண்ணிப் பார்க்கும் பொழுதையே.

அனுப்பாத மடல்களும் அஞ்சலை நாடிய அறிஞரும்

இணைப்பற்ற நிலையின் உச்சத்தைக் காண விரும்புவோர் மௌலானா அபுல் கலாம் ஆசாத் அவர்களின் ‘குபாரே காதிர்’ என்னும் உருது நூலை நோக்கலாம். 1942இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது கைதாகி அகமதுநகர்க் கோட்டையில் சிறையிருந்த அவர், தம் நண்பர் ஹபீபுர் ரஹ்மான் கான் ஷெர்வானிக்கு மடல்கள் எழுதினார். அவை சிறையினின்று வெளிச்செல்லா என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினார். தேநீர், குருவிகள், இசை, இறைமை, தனிமை எனப் பல பொருள்கள் அவற்றில் இடம்பெற்றன. சிறையில் இருந்தபோதே அவர்தம் மனைவியார் மறைந்த துயரும் அங்கே பதிவாயிற்று. 1946இல் அம்மடல்கள் நூலாக வெளிவந்து உருது உரைநடையின் அணிகலன்களுள் ஒன்றாகப் போற்றப்பட்டன. மறுமொழியை எதிர்பாராது எழுதுவோன் தன்னோடு தானே பேசித் தெளிகிறான் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று காண்டலரிது.

சிறையிலிருந்தவர்க்கு வேறு வழியில்லை என்று சிலர் கூறலாம். வழிகள் யாவும் திறந்திருந்தும் விலகியவர் ஒருவரைக் காண்போம். அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்டு குனூத், கணினி நிரலாக்கக் கலை பற்றிய பல தொகுதி நூலை எழுதியவர். கணித நூல்களை அழகுற அச்சுக்கோக்கும் ‘டெக்’ என்னும் மென்பொருளை உருவாக்கியவர். ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் மின்னஞ்சலைப் பயன்படுத்திய அவர், 1990 சனவரி 1 முதல் அதனைக் கைவிட்டார். தம்மைத் தொடர்பு கொள்ள விரும்புவோர் அஞ்சலில் எழுதலாம் என அறிவித்தார். உலக நடப்புகள் அனைத்தின் மேற்பரப்பிலும் இருக்க வேண்டுவோர்க்கு மின்னஞ்சல் உதவும். தம் பணியோ ஒன்றன் அடித்தளம் வரை சென்று நெடுநேரம் ஆய்வதாகும் என்பது அவர் கூறிய காரணத்தின் சாரம். கணினி அறியாதவர் கணினியை விலக்கினால் அச்சம் எனலாம்; கணினித் துறைக்கு வழிகாட்டிய ஒருவர் விலகினார் எனின் அதனைத் தெளிவு என்றே கொள்ளல் வேண்டும்.

எழுத்து எஞ்சும்

இணைப்பற்ற எழுத்தை விரும்புவோர் கூறும் பிறிதொரு காரணம் அதன் நிலைபேறு. உ.வே. சாமிநாதையர் தமக்கு வந்த மடல்களைப் பேணி வைத்தார். ஏடுகள் எங்கெங்கிருந்து வந்தன, எவரெவர் உதவினர் என்னும் தமிழ்ப் பதிப்பு வரலாற்றை அம்மடல்கள் வாயிலாகவே இன்று ஆய்வாளர் அறிகின்றனர். புதுமைப்பித்தன் தம் மனைவிக்கு எழுதிய மடல்களும், இரசிகமணி டி.கே.சி. அன்பர்களுக்கு எழுதியவையும், வல்லிக்கண்ணன் எழுதியவையும் நூல்களாகி நமக்குக் கிடைத்துள்ளன. கரிசல் மண்ணின் இடைசெவலிற் பிறந்த கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் மடல்வழி வளர்த்த நட்பு தமிழுலகம் அறிந்தது. கி.ரா. தம் கட்டுரைத் தொடர் ஒன்றிற்கே ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ எனப் பெயரிட்டார்.

நம் இல்லங்களிலும் இத்தகைய செல்வம் இருந்தது. பர்மா, மலாயா, இலங்கை என்றும் பின்னர் வளைகுடா என்றும் பொருள்தேடச் சென்றோர் எழுதிய மடல்கள் பெட்டிகளின் அடியிற் கிடந்தன. சலாம் கூறித் தொடங்கி, நலம் உரைத்து, நலம் வினவி, பிள்ளைகளின் படிப்பு, கடன் நிலவரம், நோன்புப் பெருநாட் செலவு என வரிசையாகச் செல்லும் அம்மடல்கள் ஒவ்வொன்றும் ஒரு குடும்ப வரலாறு. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழில் மடல் எழுதிய மூதாட்டியரும் நம்மிடையே இருந்தனர். பள்ளிக்கூடம் செல்லாத பெண்டிரும் ஓதப் படித்த எழுத்தைக் கொண்டே தம் உள்ளத்தைத் தாளில் இறக்கினர். 1970களிலும் 1980களிலும் ஒலிநாடாவிற் பேசி ஆள்வசம் கொடுத்தனுப்பும் வழக்கமும் இருந்தது. பிள்ளையின் மழலையைப் பதிவு செய்து அத்தாவுக்கு அனுப்பிய அவ்வொலிநாடாக்களும் இணைப்பற்ற மடல்களே. இன்று ஒரு கைப்பேசி பழுதானால் பத்தாண்டுப் பேச்சும் அதனோடு மறையக் கூடும். எண்ணிக்கையில் மிகுதியாக எழுதும் தலைமுறை, எஞ்சுவதிற் குறைவாக விட்டுச் செல்லும் நிலை இது.

மறுபக்கமும் நோக்குக

நடுவு நிலையில் நின்று பார்த்தால் மடற் காலத்தின் துன்பங்களையும் மறத்தலாகாது. இறப்புச் செய்தி அடக்கம் முடிந்து பல நாள் கழித்து வந்து சேர்ந்த கதைகள் நம் ஊர்களில் உண்டு. எழுத்தறியாப் பெண்கள் கணவன் எழுதிய மடலை அண்டை வீட்டாரிடம் கொடுத்துப் படிக்கக் கேட்டனர், தனிமொழி பொதுமொழியாயிற்று. கைப்பேசி அவர்களுக்கு விடுதலை அளித்தது. சிலம்பிலும் மாதவியின் ஓலை கோவலனைத் தெளிவித்ததேயன்றித் திருப்பிக் கொணரவில்லை. காலத்தாழ்வுக்கும் ஒரு விலை உண்டு.

அஞ்சல் முறையும் முன்போல் இல்லை. நம் நாட்டில் 1879இல் காலணா விலையில் அறிமுகமான அஞ்சலட்டை இன்றும் கிடைக்கிறது. ஆயின் தந்திச் சேவை 2013 சூலையில் நிறைவுற்றது. 2025இல் பதிவு அஞ்சல், விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டது. டென்மார்க் நாட்டின் போஸ்ட்நார்ட் அஞ்சல் நிறுவனம் 2025 இறுதியோடு கடிதப் பட்டுவாடாவையே நிறுத்திக்கொண்டது. ஆதலின் அனைவரும் மீண்டும் அஞ்சலட்டைக்குத் திரும்புவர் என எதிர்பார்ப்பது கனவாகவே முடியும். கருவி மாறும், அதனை நாம் தடுக்க இயலாது. ஆனால் கருவியை ஆளும் முறை நம் கையில் உள்ளது.

மாணவர்க்கும் பெற்றோர்க்கும்

விபத்து, நோய், இறப்பு, வெள்ளம் ஆகிய செய்திகளுக்கு விரைவே அறம். அவற்றை நொடியில் அறிவிக்கும் கருவி நமக்குக் கிடைத்தது இறைவன் அருள். சினம், பழி, கடன், மணப்பேச்சு, மணமுறிவு, சமயப் பூசல் ஆகியன பற்றிய செய்திகளுக்கோ தேக்கமே அறம். இவ்விரண்டையும் பிரித்தறிய மாணவர் பழக வேண்டும். சினமூட்டும் செய்தி வந்தால் இணைப்பைத் துண்டித்து, மறுமொழியை எழுதி, அனுப்பாமல் ஓர் இரவு வைத்திருந்து மறுநாட் காலையிற் படித்துப் பாருங்கள். அப்போதும் அனுப்பத் தக்கதாகத் தோன்றினால் அனுப்புங்கள். பிறர் அனுப்பியதைப் பகிருமுன், இதன் முத்திரை யாருடையது என வினவுங்கள்.

ஒரு நாளில் நூறு குறுஞ்செய்திகளை விடுக்கும் மாணவர், தந்தைக்கு ஒரு பக்க மடல் எழுதுக என்றால் விளித்தொடரோடு நின்றுவிடுதலை வகுப்பறையில் நாம் காண்கிறோம். அவர்க்குச் சொல் இல்லாமலில்லை. சொற்களைக் கோத்து ஒரு பொருளை முடிவு வரை நடத்திச் செல்லும் பழக்கம் வாய்க்கவில்லை. திங்களுக்கு ஒரு மடலேனும் தம் வீட்டு முதியோர்க்கு எழுதுவோர் அப்பழக்கத்தைப் பெறுவர். பெற்றோரும், மகன் உடனே மறுமொழி தரவில்லை என வருந்தாது, அவன் எண்ணி எழுதும் மறுமொழிக்குக் காத்திருக்கப் பழகுதல் வேண்டும். கைப்பேசி காட்டும் நீலக்குறியைக் கொண்டு அன்பை அளத்தல் பொருந்தாது.

நிறைவாக

வள்ளுவர் தெரிந்து செயல்வகைக்கு ஓர் அதிகாரமும் தூதுக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். எண்ணித் துணிதலும் செய்தி உரைத்தலும் அவர்க்கு வாழ்வியற் கலைகள். இணைப்பற்ற நிலையில் படிப்போரும் எழுதுவோரும் அவ்விரு கலைகளையும் ஒருங்கே போற்றுகின்றனர். அவர்களைப் பின்தங்கியோர் என எண்ணாது, அவர்கள் காக்கும் இடைவெளியின் அருமையை நாமும் உணர்வோமாக. மலையில் எத்துணை மழை பொழியினும் ஊர் நலமுடன் பருகுவது தேக்கித் தெளிந்த நீரையே. நம் நாவும் விரலும் அத்தெளிவைப் பெற எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.